வால்வெள்ளிக்கு வாக்கியம் இல்லை: புதுச்சேரிக் கரையிலிருந்து பாதையும் ஒளியும்

1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கியில் கவனித்துவந்தார் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார். அந்த நாட்களில்தான் ஆல்பா சென்டாரி என்ற நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று அவர் கண்டார். அந்த நட்சத்திரம் பாரிஸில் உதிப்பதே இல்லை. புதுச்சேரிக் கரையில் இருக்கும் நமக்குத் தெற்கே 17 பாகை உயரம் வரை ஏறி இறங்கும். இரட்டை நட்சத்திரக் கண்டுபிடிப்பு புகழ்பெற்றுவிட்டது. அவர் பார்த்த வால்வெள்ளி சி/1689 எக்ஸ்1 என்ற பெயரில் பட்டியலில் இருக்கிறது.

183 ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர், அதே கடற்கரை, கொஞ்சம் வடக்கே. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகல் மழை கொட்டியது. 1846-இல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பிறகு காணாமல் போயிருந்த பியேலா வால்வெள்ளியின் தூசு அது. வால்வெள்ளியே பூமியை உரசிச் சென்றிருக்கும் என்று கணித்த ஜெர்மன் வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், கோட்டிங்கனிலிருந்து சென்னைக்குத் தந்தி அடித்தார்: தீட்டா சென்டாரி அருகே தேடுங்கள். கோட்டிங்கனில் அந்த நட்சத்திரம் தொடுவானத்தை ஒட்டியே நிற்கும்; சென்னையில் 40 பாகை ஏறும். சென்னை வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சன் தேடினார், டிசம்பர் 2, 3 ஆகிய இரு நாட்களில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு இடத்தையும் அளந்தார். அடுத்த நாட்களில் வானம் இடம் கொடுக்கவில்லை. பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. அது பியேலாவே அல்ல, தற்செயலாக அந்தப் பக்கம் இருந்த வேறொன்று என்பதுதான் இன்றைய பொதுவான கருத்து. அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1.

பெயரின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். 'சி' என்றால் பாதை கணிக்கப்பட்டது, ஆனால் அடிக்கடி திரும்பி வராதது. 'பி' என்றால் முறையாகத் திரும்பி வருவது. பியேலாவுக்கு 'டி': தொலைந்துபோனது. 'எக்ஸ்' என்றால் பார்த்தார்கள், ஆனால் பாதை கணிக்க முடியவில்லை. (பின்னால் வரும் எக்ஸ் வேறு, டிசம்பர் முதல் பாதியைக் குறிக்கும் எழுத்து அது.) போக்சனிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. நட்சத்திரங்களின் ஒளியை அளக்க இன்று உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோலை 1856-இல் முன்வைத்தவரே அவர்தான். மூன்றாவது இரவு ஒன்று கிடைக்காமல் போனதுதான் குறை. ஒரு வால்வெள்ளியைப் பார்ப்பதற்கும் பின்தொடர்வதற்கும் உள்ள தூரம் அந்த ஓர் இரவில் இருக்கிறது.

ஆறு எண்கள், மூன்று இரவுகள்

ஒரு வால்வெள்ளியின் பாதையை ஆறு எண்களில் எழுதிவிடலாம். சூரியனுக்கு மிக அருகே வரும் தூரம். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் வட்டவிலகல். பூமியின் பாதைத் தளத்திலிருந்து சாய்வு. அந்தத் தளத்தை எங்கே வெட்டி மேலேறுகிறது என்ற கணுவின் இடம். கணுவிலிருந்து, சூரியனுக்கு மிக அருகே வரும் அண்மைப்புள்ளி எந்தக் கோணத்தில் இருக்கிறது. அண்மைப்புள்ளியை எந்த நேரத்தில் கடக்கிறது. 2024-இல் வந்த சுச்சின்ஷான்-அட்லஸ், அதாவது சி/2023 ஏ3, சூரியனுக்கு 0.391 வானியல் அலகு அருகே சென்றது (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் 1 அலகு). ஏறக்குறைய 5.85 கோடி கிலோமீட்டர். அண்மைப்புள்ளியைக் கடந்த நாள் செப்டம்பர் 27. சாய்வு 139 பாகை. 90-ஐத் தாண்டினால் கோள்கள் சுற்றும் திசைக்கு எதிராக வருகிறது என்று பொருள். அண்மைப்புள்ளியில் அதன் வேகம் நொடிக்கு 67 கிலோமீட்டர்.

வானத்தில் ஒரு இடத்தை அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்: வல ஏற்றம், நடுவரை விலக்கம்; வானத்தின் நெட்டாங்கும் அகலாங்கும் போல. தூரம் கிடைக்காது. ஆகவே ஆறு தெரியாத எண்களுக்குக் குறைந்தது மூன்று அளவீடுகள் வேண்டும். இதை வைத்துத்தான் 1801-இல் இத்தாலிய வானியலாளர் பியாட்சி ஆறு வாரம் பார்த்துத் தவறவிட்ட செரெஸ் என்ற குறுங்கோளை, அதே ஆண்டின் கடைசி இரவில் மீண்டும் கண்டுபிடிக்க கணிதவியலாளர் காஸின் கணக்கு வழிகாட்டியது. இரண்டு இரவுகளை மட்டும் வைத்துப் பாதை போட எந்தக் கணக்காலும் முடியாது.

மூன்று என்பதும் கடைநிலைத் தேவைதான். உடைந்த வளையல் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து முழு வளையலின் அளவைக் கேட்டால், துண்டு அரை விரல் நீளம் என்றால் ஊகம்தான் சொல்ல முடியும். கால் வளையல் கிடைத்தால் சரியாகச் சொல்லலாம். பாதையிலும் அப்படித்தான். அடுத்தடுத்த மூன்று இரவுகளில் வால்வெள்ளி நகர்ந்த தடம் கிட்டத்தட்ட நேர்கோடு. அதில் ஒரு வில்நொடி (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) பிழை இருந்தாலும் தூரமும் வேகமும் எங்கெங்கோ போய்விடும். அதனால் முதல் கணக்கில் வட்டவிலகலைச் சரியாக 1 என்று வைத்துவிடுவார்கள், அதாவது பரவளையம். தெரியாதவை ஐந்தாகக் குறையும். வாரங்கள் சேரச் சேர அந்த 1, 0.9998 ஆகவோ 1.0001 ஆகவோ தெளியும்.

இந்த நான்காவது தசமம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாளிதழ்களில் யாரும் சொல்வதில்லை. அண்மைத் தூரம் 0.4 அலகு என்று வைத்துக்கொள்வோம். வட்டவிலகல் 0.9990 என்றால் சுற்றுக்காலம் 8,000 ஆண்டு. 0.9998 என்றால் 89,000 ஆண்டு. 1-ஐத் தாண்டினால் திரும்பவே வராது. 2024-இல் '80,000 ஆண்டுக்கு ஒருமுறை' என்று ஊரெல்லாம் பேசிய எண் இப்படி ஒரு தசமத்தின் மேல் நின்ற எண். அண்மைப்புள்ளித் தேதியையும் இடத்தையும் முழுமையாக நம்பலாம். நீண்ட காலத்துக்கு ஒருமுறை வரும் வால்வெள்ளிகளின் சுற்றுக்காலத்தை அப்படி நம்பக்கூடாது.

வாக்கியப் பஞ்சாங்கம் புழங்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். சந்திரனுக்கு நம்மவர்கள் மனப்பாடமாகவே இடம் சொன்னார்களே? 1825-இல் பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன், புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக் கணிப்பாளர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனத்தில் இருந்த வாக்கியங்களை, அதாவது எண்களை எழுத்துகளில் பொதிந்த சொற்றொடர்களைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்த முறை வேலை செய்வதற்குக் காரணம் சுழற்சி. 248 நாளில் சந்திரன் தன் வேக ஏற்ற இறக்கத்தைக் கிட்டத்தட்ட சரியாக 9 முறை முடித்துவிடுகிறது. ஆகவே 248 வாக்கியங்கள் போதும், 249-ஆம் நாள் மறுபடி முதல் வாக்கியம். முதல்முறை வரும் வால்வெள்ளிக்கு அப்படி முன்பே எழுதிவைத்த பதிவு எதுவும் கிடையாது. அதன் வாக்கியத்தை ஒவ்வொரு இரவும் புதிதாக அளந்துதான் எழுத வேண்டும்.

திரும்பி வரும் வால்வெள்ளிகளும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. முதல் காரணம் வியாழன். 1770-இல் பூமிக்கு வெகு அருகே வந்த லெக்செல் வால்வெள்ளியை 1779-இல் வியாழன் வேறு பாதைக்கு வீசிவிட்டது; அதன் பிறகு அது கண்ணில் படவில்லை. இரண்டாவது காரணம் வால்வெள்ளிக்கு உள்ளேயே இருக்கிறது. வெயில் படும் பக்கத்தில் பனி ஆவியாகிப் பீறிடும்போது அதுவே ராக்கெட் போல உட்கருவை, அதாவது வால்வெள்ளியின் நடுவிலுள்ள பனிக்கட்டி உடலைத் தள்ளும். என்கே வால்வெள்ளி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு 3.3 ஆண்டுச் சுற்றிலும் சுமார் இரண்டரை மணி நேரம் முந்தி வந்தது. ஹாலி, ஈர்ப்பை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைவிட ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 4 நாள் தாமதமாக வருகிறது.

இதிலிருந்து கையோடு பயன்படும் ஒரு விதி: ஆறு எண்களோடு எப்போதும் ஏழாவதாக ஒரு தேதி எழுதியிருக்கும். அந்த எண்கள் எந்த நாளுக்குச் சரி என்று சொல்லும் தேதி அது. கைபேசிச் செயலியில் ஆறு மாதம் பழைய எண்கள் கிடந்தால், செயலி காட்டும் இடத்தில் வால்வெள்ளி இருக்காது. பூமிக்கு அருகே வரும் வாரங்களில் பிழை பல மடங்கு தெரியும். பார்க்கப் போவதற்கு முன் செயலியில் வால்வெள்ளித் தரவைப் புதுப்பியுங்கள். இன்னும் நல்லது, நாசா ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் சேவையில் நம் ஊரின் ஆயத்தொலைவைக் கொடுத்து அட்டவணை எடுப்பது. புதுச்சேரிக்கு வடக்கு 11.93, கிழக்கு 79.83, கடலூருக்கு 11.75, 79.77.

இடத்தை அளப்பது

சிறுகோள், வால்வெள்ளி இட அளவீடுகளைத் திரட்டும் சிறுகோள் மையத்துக்கு (மைனர் பிளானட் சென்டர்) அனுப்பும் தரத்தில் இடம் அளக்க இன்று வானாய்வகம் தேவையில்லை. 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சிறு தொலைநோக்கி, நட்சத்திர ஓட்டத்தைப் பின்தொடரும் தாங்கி, ஒரு கேமரா போதும். ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு என்பதற்குக் கணக்கு: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 3.76 மைக்ரான் பிக்சலுக்கும் 400 மில்லிமீட்டருக்கும் 1.94 வில்நொடி வரும். இடம் அளக்க 1 முதல் 2 வில்நொடி வரை நல்ல அளவு. 4-ஐத் தாண்டினால் மையம் எங்கே என்பதே குழப்பம்.

அடுத்தது படம் பிடிக்கும் நேரம். வால்வெள்ளி நாளுக்கு 2 பாகை நகர்கிறது என்றால் நிமிடத்துக்கு 5 வில்நொடி. 30 நொடி திறந்து வைத்தால் இரண்டரை வில்நொடி, அதாவது ஒரு பிக்சலுக்குச் சற்று மேல் இழுபடும், பரவாயில்லை. இரண்டு நிமிடம் திறந்தால் கோடாகிவிடும். நீண்ட படம் ஒன்றுக்குப் பதில் குறுகிய படங்கள் பலவற்றை எடுத்து, வால்வெள்ளியின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப நகர்த்தி அடுக்குவதே முறை. பிறகு மென்பொருள், பின்னணி நட்சத்திரங்களை ஐரோப்பாவின் கையா விண்கலம் தந்த நட்சத்திரப் பட்டியலோடு பொருத்தி இடத்தைத் தரும்.

பெரும்பாலான புதியவர்களின் அளவீடு கெடுவது ஒளியியலில் அல்ல, கடிகாரத்தில். அதே வேகத்தில் நகரும் பொருளுக்கு 6 நொடி நேரப் பிழை அரை வில்நொடி இடப்பிழை. கேமராவின் உள்கடிகாரம் சில நாட்களிலேயே பல நொடிகள் ஓடிவிடும். மடிக்கணினியை இணைய நேரச் சேவையகத்தோடு படம் எடுப்பதற்குச் சற்று முன் ஒத்திசைக்க வேண்டும். இணையம் இல்லாத ஏரிக்கரையில் ஜி.பி.எஸ் கருவி. பதிவு செய்ய வேண்டியது ஷட்டர் திறந்த நேரமல்ல, திறந்திருந்த காலத்தின் நடுப்புள்ளி.

அடுத்த பிழை, நிற்கும் இடம். பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதற்கும் கடலூரிலிருந்து பார்ப்பதற்கும், வால்வெள்ளி 0.47 அலகு தொலைவில் இருக்கும்போது, 18 வில்நொடிக்கு மேல் வேறுபாடு வரக்கூடும். எந்த மொட்டை மாடியில் தாங்கி நின்றதோ அதன் ஆயத்தொலைவு உண்மையாக எழுதப்பட வேண்டும். மாவட்டத் தலைநகரின் பொது எண் உதவாது.

மூன்றாவது பிழை நுட்பமானது. வால்வெள்ளியின் தலையில் ஒளி சமமாகப் பரவியிருக்காது, வால் பக்கம் வழியும். பெரிய வளையம் போட்டு மையம் கண்டால் மென்பொருள் மையத்தை வாலை நோக்கி இழுத்துவிடும். பாதை ஒரே பக்கமாகப் பிசகும்போது பலமுறை இதுதான் காரணம். உட்கருவைச் சுற்றிய மிகப் பிரகாசமான சில பிக்சல்களை மட்டும் சிறு வளையத்தில் அளக்க வேண்டும்.

ஒளியைக் கணிப்பது: இங்கேதான் உலகம் ஏமாறுகிறது

இடம் சொன்னால் வால்வெள்ளி அங்கே இருக்கும். ஒளி சொன்னால் இருப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்திகளால் ஏமாறவும் மாட்டோம், மனம் உடையவும் மாட்டோம்.

பொலிவெண், ஆர்வலர் பேச்சில் மேக்னிட்யூட், குறையக் குறைய ஒளி கூடும். போக்சன் வகுத்தபடி 5 எண் வேறுபாடு சரியாக 100 மடங்கு. ஓர் எண் 2.512 மடங்கு. வால்வெள்ளிக்கு எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம்:

பொலிவெண் = அடிப்படைப் பொலிவு + 5 × மடக்கை (பூமியிலிருந்து தூரம்) + 2.5 × அடுக்கு × மடக்கை (சூரியனிலிருந்து தூரம்)

தூரங்கள் வானியல் அலகில். இரண்டு தூரமும் 1 அலகாக இருந்தால் வரும் பொலிவெண்தான் அடிப்படைப் பொலிவு. பூமித் தூரத்துக்கு 5 என்பது வெறும் வடிவியல்: விளக்கு இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கால் பங்கு ஒளி. அடுக்கு என்பதுதான் வால்வெள்ளியின் குணம். தானாக ஒளிராமல் வெயிலைப் பிரதிபலிக்கும் கல்லுக்கு அது 2. வால்வெள்ளி நெருங்க நெருங்க வாயுவும் தூசும் கூடுதலாக விடுவதால் வழக்கமாக 4 என்று எடுப்பார்கள். கடைசி உறுப்பு 10 × மடக்கை ஆகிவிடும்.

அடிப்படைப் பொலிவு 7 உள்ள ஒரு வால்வெள்ளியை எடுப்போம். சூரியனிலிருந்து 0.5, பூமியிலிருந்து 0.7 அலகில் இருக்கும் நாளில், அடுக்கு 4 என்றால் 3.2. கிராமத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அடுக்கு 3 என்றால் 4.0, தேட வேண்டும். 6 என்றால் 1.7; தெருவில் நிற்பவர்களும் பார்ப்பார்கள். அந்த அடுக்கை, வால்வெள்ளி இன்னும் தொலைவில் இருக்கும்போது எடுத்த சில வார அளவீடுகளிலிருந்து ஊகித்துத்தான் மாதங்களுக்கு முன்பே தலைப்புச் செய்தி வருகிறது.

ஊகம் எந்தத் திசையில் பிசகும் என்பதற்கும் காரணம் உண்டு. தண்ணீர்ப் பனி சூரியனிலிருந்து சுமார் 3 அலகுக்குள் வந்த பிறகுதான் வேகமாக ஆவியாகும். அதற்கு வெளியே தெரியும் ஒளி கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு போன்ற எளிதில் ஆவியாகும் பனிகளின் வேலை. முதல்முறை சூரியனை நெருங்கும் வால்வெள்ளியின் மேல்தோலில் இவை நிறைய இருக்கும். தொலைவிலேயே பளிச்சென்று தெரியும், அருகே வரும்போது ஏறுவேகம் குறைந்துவிடும். 1973-இல் கோஹூடெக் அப்படித்தான் ஏமாற்றியது. ஐசான், 2012 செப்டம்பரில் 6 அலகுக்கு அப்பாலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 2013 நவம்பர் 28 அன்று சூரியனை 0.0124 அலகில் கடக்கும்போது சிதைந்தது. நேர்மாறாகவும் நடக்கும். 2007 அக்டோபரில் 17பி/ஹோம்ஸ் இரண்டு நாளுக்குள் 17-ஆம் பொலிவெண்ணிலிருந்து 3-க்கு வந்தது, ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு. எந்தச் சூத்திரத்திலும் அது இல்லை. சுச்சின்ஷான்-அட்லஸ் சிதையப்போகிறது என்று 2024 ஜூலையில் ஒரு கணிப்பு வெளிவந்தது, அது சிதையவில்லை.

சூத்திரம் விட்டுவிடும் இன்னொன்று, தூசின் முன்சிதறல். வால்வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையே வரும்போது, எதிர்வெயிலில் சிலந்தி வலை மின்னுவது போலத் தூசு நம்மை நோக்கி ஒளியைத் தள்ளும். 2024 அக்டோபர் 9-ஐ ஒட்டி சுச்சின்ஷான்-அட்லஸ் வெள்ளிக் கோள் அளவுக்கு ஒளிர்ந்தது இதனால்தான். ஆனால் அப்போது அது சூரியனுக்கு மிக அருகே இருந்தது. அத்தகைய நாட்களில், சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ சி3 கேமராப் படங்களில் பார்ப்பதே ஒரே பாதுகாப்பான வழி. சூரியனை ஒட்டி இருநோக்கியைத் திருப்புவது கண்ணை இழக்கும் வேலை.

அட்டவணைகளில் ஒரு கண்ணி உண்டு. சில இடங்களில் அடுக்கு 4 என்றும், சில இடங்களில் அதையே 10 என்றும் எழுதியிருப்பார்கள், 2.5-ஆல் பெருக்கிய பிறகு. இரண்டையும் மாற்றிப் போட்டால் கணக்கு பல எண்கள் தவறும். அதேபோல் 'மொத்தப் பொலிவு', 'உட்கருப் பொலிவு' என்று இரண்டு நெடுவரிசை இருக்கும். கண்ணுக்குத் தெரிவது மொத்தம்தான். உட்கரு எண் அதைவிடப் பல எண்கள் மங்கல்.

கண்ணால் அளப்பது

கேமராக்கள் பெருகிவிட்ட காலத்தில் கண்ணால் அளப்பது எதற்கு என்று கேட்கலாம். பரந்து மங்கும் தலையின் மொத்த ஒளியை அளக்க 10×50 இருநோக்கியும் பழகிய கண்ணும் இன்றும் நல்ல கருவி. நூறாண்டுக்கு மேல் தொடரும் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே உதவும்.

சிரமம் இதுதான்: நட்சத்திரம் புள்ளி, வால்வெள்ளி பஞ்சு. புள்ளியையும் பஞ்சையும் நேராக ஒப்பிட முடியாது. சிட்ஜ்விக் முறையில், வால்வெள்ளியைக் கூர்மையாகக் குவித்து அதன் தலையின் சராசரி ஒளியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு நட்சத்திரத்துக்குத் திருப்பி, அது வால்வெள்ளித் தலையின் அளவுக்குப் பரவும் வரை குவியத்தைக் கலைத்து ஒப்பிட வேண்டும். தலை சிறியதாக, நடுவில் அடர்த்தியாக இருந்தால் பாப்ரோவ்னிகாஃப் முறை எளிது: இரண்டையும் ஒன்றாகக் கலைத்து, ஒரே அளவாகத் தெரியும்போது ஒப்பிடுவது. இரண்டுக்கும் நடுவே மாரிஸ் முறை. தலை முழுவதும் ஒளி சீராகத் தெரியும் அளவுக்கு மட்டும் வால்வெள்ளியைக் கலைத்து, அந்த அளவுக்கு நட்சத்திரத்தைக் கொண்டுவருவது.

ஒப்பீட்டுக்கு வால்வெள்ளியைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று. 5.8-உம் 6.4-உம் எடுத்து, பிரகாசமானதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது என்று தோன்றினால் 6.0. சிவப்பு நட்சத்திரங்களைத் தவிர்க்கவும். இருட்டுக்குப் பழகிய கண் அவற்றை ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் சொல்லும்.

நம் கரையில் இந்தக் கணக்கைக் கெடுப்பது காற்று. ஈரப்பதமும் உப்பும் தூசும் சேர்ந்த கடலோரக் காற்றில், உச்சியிலேயே 0.3 எண் ஒளி போகிறது என்று வைத்துக்கொண்டால், 30 பாகை உயரத்தில் 0.6, 20-இல் 0.9, 10-இல் 1.7, 5 பாகையில் 3 போகும். புழுக்கமான இரவில் இன்னும் கூடும். வால்வெள்ளி 10 பாகையிலும் ஒப்பீட்டு நட்சத்திரம் 30 பாகையிலும் இருந்தால், அளவு ஓர் எண்ணுக்கு மேல் மங்கலாக வரும். ஆகவே வால்வெள்ளி நிற்கும் அதே உயரத்தில், அதே பக்கத்தில் நட்சத்திரம் தேட வேண்டும். நீட்டிய கையின் மூடிய முஷ்டி 10 பாகை.

எங்கே நிற்பது என்பதைத் திசைதான் முடிவு செய்யும். விடியல் வால்வெள்ளிக்கு நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது: கிழக்கே முழுக் கடல். ஆனால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் விளக்குகளுக்கு நடுவே நின்று பயனில்லை. தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சின் கூட்டம் குறைந்த ஓரம், அல்லது தெற்கே சாமியார்பேட்டைப் பக்கம் நல்லது. கடல் மேல் முதல் 3 பாகையில் ஒரு மங்கல் பட்டை எப்போதும் படிந்திருக்கும். அதற்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாலை வால்வெள்ளி என்றால் கடற்கரை நமக்கு எதிரி. மேற்கே ஊர் முழுவதும் விளக்கு. அப்போது ஏரிக்கரைக்குப் போக வேண்டும். இங்கே நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் பெரும்பாலான ஏரிகளின் கரை கிழக்கே எழுப்பப்பட்டிருக்கும். கரையில் ஏறி நின்றால் மேற்கே நீர்ப்பரப்பு, மரமோ கட்டடமோ இல்லாத தொடுவானம். ஊசுடு போன்ற ஏரிகள் இதற்காகவே கட்டியதுபோல் இருக்கும். கடலூரிலிருந்து மேற்கு-தென்மேற்கில் நெய்வேலியின் ஒளிப்படலம் இருப்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

12 பாகை அகலாங்கில் இருப்பது ஒரு வரம். இங்கே சூரியன் தொடுவானத்துக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும்; சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. ஐரோப்பாவில் அந்தியிலேயே கரைந்துபோகும் வால்வெள்ளியை நாம் இருட்டில் பார்ப்போம். சுச்சின்ஷான்-அட்லஸை செப்டம்பர் கடைசியில் விடியலிலும், அக்டோபர் 11-க்குப் பிறகு மாலையிலும் பார்க்கும் இரண்டு வாய்ப்பும் நம் அகலாங்குக்குக் கிடைத்தன. அந்த வரத்தைப் பிடுங்கிக்கொள்வது மேகம். 1769 ஜூன் 4 காலை, வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண ஓராண்டுக்கு மேல் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் ல ஜான்தியிடமிருந்து அந்தக் காட்சியை மறைத்ததும் மேகம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம்பகமான வானம். மழைக்காலத்திலும் மழை பெய்து வெறித்த இரவில் காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், அதைத் தவறவிடக்கூடாது.

ஏ.சி. அறையிலிருந்து கருவியை நேராக வெளியே எடுத்தால் லென்சில் ஈரம் படியும். அரை மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். கடலோரத்தில் பயன்படுத்திய பின் லென்சை உடனே துடைக்கக் கூடாது. முதலில் ஊதுகுப்பியால் மணலையும் உப்பையும் ஊதிவிட்டு, பிறகு துடைக்க வேண்டும்.

எழுதிவைப்பது

தேதி எப்போதும் உலக நேரத்தில், நாளின் தசமமாக. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். 12-ஆம் தேதி மாலை 7.15 என்றால் உலக நேரம் 13.45, அதாவது 12.57. விடியல் பதிவுகளில்தான் தவறு நேரும்: 12-ஆம் தேதி காலை 5 மணி, உலக நேரத்தில் 11-ஆம் தேதி 23.30, ஆகவே 11.98. ஒரு நாள் தவறினால் ஒளி வரைபடத்தில் அந்தப் புள்ளி தனியாகத் துருத்தி நிற்கும்.

பொலிவெண்ணோடு முறையின் பெயர், ஒப்பீட்டு நட்சத்திர எண்கள் எந்தப் பட்டியலிலிருந்து, கருவியின் விட்டமும் உருப்பெருக்கமும், தலையின் விட்டம், தலையின் நடு அடர்த்தி 0 (சீராகப் பரவியது) முதல் 9 (நட்சத்திரம் போல) வரை. தலையின் விட்டத்தை அளக்க எளிய வழி: தொலைநோக்கியின் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தலை காட்சிப்புலத்தின் ஓரத்தில் மறையத் தொடங்கி முழுவதும் மறையும் வரை நொடிகளை எண்ணுங்கள். அதை 4-ஆல் வகுத்து நடுவரை விலக்கத்தின் கோசைனால் பெருக்கினால் வில்நிமிடம் (பாகையில் 60-இல் ஒரு பங்கு) கிடைக்கும். வான்நடுவரைக்கு அருகே 40 நொடி என்றால் 10 வில்நிமிடம்.

ஒரு பதிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இருபது இருந்தால் வரைபடம் போடலாம். ஒவ்வொரு பொலிவெண்ணிலிருந்தும் 5 × மடக்கை (பூமித் தூரம்) கழித்து, மிச்சத்தைச் சூரியத் தூரத்தின் மடக்கைக்கு எதிரே குறியுங்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் அமைந்தால் அந்தக் கோட்டின் சரிவை 2.5-ஆல் வகுத்தது அடுக்கு. சூரியத் தூரம் 1 அலகாகும் இடத்தில் கோடு காட்டுவது அடிப்படைப் பொலிவு. கோடு ஓரிடத்தில் முறிந்தால் அங்கே வால்வெள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது. ஸ்லோவேனியாவின் சிர்னி வர்ஹ் வானாய்வகம் நடத்தும் கோப்ஸ் தரவுத்தளத்தில் உலகெங்குமுள்ள பதிவுகளோடு நம்முடையதையும் சேர்க்கலாம்.

தேடியும் கிடைக்காத இரவையும் எழுத வேண்டும். அந்த இடத்தில் கண்ணுக்கு எட்டிய மிக மங்கலான நட்சத்திரம் 8.5 என்றால், வால்வெள்ளி 8.5-ஐவிட மங்கல் என்று பதிவு. மேகத்தால் பார்க்காத இரவை இதோடு கலக்கக்கூடாது. அதற்குத் தனிக் குறிப்பு. ஒரு வால்வெள்ளி சிதைந்தது என்று பிறகு தெரியவரும்போது, எந்த இரவுக்கும் எந்த இரவுக்கும் இடையே அது நடந்தது என்று சொல்ல உதவுவது, கடைசியாகப் பார்த்த பதிவும் அதற்கு அடுத்து வரும் இந்த 'தெரியவில்லை' என்ற பதிவும்தான்.